கார்பன் ஃபைபரில் அல்ட்ராசோனிக் துளையிடல்: கூலன்ட்டுக்கு எமல்ஷனா, வெறும் தண்ணீரா, குளிர்காற்றா?

லேமினேட்08 கேட்டது:

வணக்கம். செட்டப் இதுதான். 180 டிகிரியில் க்யூர் செய்த (சூடேற்றி இறுக வைத்த) கார்பன்/எபாக்ஸி லேமினேட் (கார்பன் இழை அடுக்குகளை எபாக்ஸி ரெசினால் ஒட்டிய தகடு), தடிமன் 8 மி.மீ. துளை 9.5 மி.மீ. மெட்டல் பாண்ட் டைமண்ட் கோர் டிரில் (வைரத்துகள், அதாவது கிரிட், பதித்த குழல் டூல்): வெளிவிட்டம் 9.5, உள்விட்டம் 7.8, கிரிட் 60/80. அதிர்வு 20 கிலோஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் உச்சிக்கு உச்சி 10 மைக்ரான். ஸ்பிண்டில் 3000 ஆர்.பி.எம்., ஃபீட் விநாடிக்கு 0.3 மி.மீ. கூலன்ட் ஸ்பிண்டில் வழியாக 6 சதவீத எமல்ஷன் (எண்ணெய் கலந்த தண்ணீர்), 3 பார், நிமிடத்துக்கு 2 லிட்டர்.

மூன்று தொல்லைகள். துளை வெளிவரும் பக்கத்தில் கடைசி ஓரிரு பிளை (இழை அடுக்கு) பிய்ந்து வருகிறது. கோர், அதாவது நடுவில் வெட்டுப்பட்டு மிஞ்சும் உருளைத் துண்டு, டூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, ஊசி போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவதுதான் பெரிது: துளையைச் சுற்றிப் பின்னால் பசை போட்டு ஒட்டும் வேலை இருக்கிறது, ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்த பிறகும் அந்த இடம் வாட்டர் பிரேக் டெஸ்டில் (தண்ணீர் முறியாத படலமாக நின்றால் பரப்பு சுத்தம் என்று காட்டும் சோதனை) தேறவில்லை, தண்ணீர் துளித்துளியாகப் பிரிகிறது.

எமல்ஷனை விட்டுவிட்டு வெறும் தண்ணீருக்குப் போகலாமா? இல்லை குளிர்காற்றே போதுமா? லேமினேட் ஈரத்தைக் குடித்துவிடும் என்று ஒரு பக்கம் பயமுறுத்துகிறார்கள். சில பாகங்களில் பின்பக்கம் அலுமினியப் பிராக்கெட்டும் வரும்.

டைமண்ட்கோர் எழுதியது:

எமல்ஷனை இன்றைக்கே நிறுத்திவிடலாம். கார்பன்/எபாக்ஸியை அரைப்பதற்கு எண்ணெயின் வழுக்கும் தன்மை பெரிதாக உதவாது. டைமண்ட் கிரிட் ஃபைபரை நொறுக்கித்தான் எடுக்கிறது, உலோகத்தைப் போலச் சுருள் சுருளாகச் சீவி எடுப்பதில்லை. எண்ணெய் செய்வதெல்லாம் கார்பன் பொடியோடு சேர்ந்து கருப்பு மசியாகி, கோருக்கும் டூலின் உள்சுவருக்கும் இடையில் போய் உட்கார்வதுதான். உங்கள் இரண்டாவது, மூன்றாவது தொல்லைகளுக்கு மூலம் இந்த மசிதான். ஐ.பி.ஏ.வால் துடைக்கும்போது எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் பொருள்) முழுதாக வருவதில்லை, மெல்லிய படலமாகப் பரவிவிடுகிறது.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்க் (திருப்புவிசை) 0.3 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் 3000 ஆர்.பி.எம்.மில் சுமார் 95 வாட். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். அதாவது மொத்தச் சூட்டையும் தண்ணீரே வாங்கிக்கொண்டாலும் ஒன்றரை டிகிரி கூட ஏறாது. இதே வேலைக்கு நிமிடத்துக்கு 300 லிட்டர் காற்று விட்டால் 16 டிகிரி ஏறும், அதுவும் அத்தனை காற்றும் வெட்டுமிடத்தைத் தொட்டால். தொடாது. டூலின் பக்கச்சுவருக்கும் துளைக்கும் நடுவே இருப்பது டைமண்ட் கிரிட் நீட்டிக்கொண்டிருக்கும் உயரம்தான், சில பத்து மைக்ரான். அந்தச் சந்துக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதுதான் கேள்வி.

அல்ட்ராசோனிக் இருப்பதால் சூடே வராது என்று நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. உங்கள் ஃபீட்டில் ஓர் அதிர்வுச் சுற்றுக்கு டூல் முன்னேறுவது 0.015 மைக்ரான். ஆம்ப்ளிட்யூட் 10 மைக்ரான். ஆக முனையில் உள்ள கிரிட் ஒவ்வொரு சுற்றிலும் பொருளை விட்டு மேலே வந்துதான் மறுபடி இறங்குகிறது, அந்த இடைவெளியில் தண்ணீர் உள்ளே போகிறது. பக்கச்சுவரில் இருக்கும் கிரிட்டுக்கு இந்த விடுதலை கிடையாது. அதிர்வு டூலின் அச்சில்தானே, பக்கவாட்டு கிரிட் சுவரை உரசிக்கொண்டேதான் இருக்கும். சூடு சேர்வது அங்கேதான். முனையில் டைமண்ட் படிந்திருக்கும் உயரம் 3 முதல் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் உரசும் பரப்பு வீணாகக் கூடுகிறது. அதற்கு மேலே உடல் பகுதி வெளியிலும் உள்ளேயும் 0.2 மி.மீ. விட்டம் தளர்ந்திருக்க வேண்டும். முனையில் இரண்டு அல்லது நான்கு வெட்டுப்பள்ளம் கட்டாயம். அது இல்லாவிட்டால் எந்தக் கூலன்ட்டாலும் பயனில்லை.

என் பரிந்துரை: அயனி நீக்கிய தண்ணீர், அதில் எண்ணெய் இல்லாத முழுச் செயற்கை வகைத் துருத்தடுப்பான் 1 முதல் 2 சதவீதம். சிலிக்கோன் நுரைத்தடுப்பி கலந்தது வேண்டவே வேண்டாம், பசையும் பெயின்ட்டும் ஒட்டாமல் போவதற்கு அது ஒன்றே போதும். பிஹெச் 8.5லிருந்து 9.2க்குள். ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி) காட்டும் எண்ணை அந்தக் கூலன்ட்டின் டேட்டா ஷீட்டில் உள்ள காரணியால் பெருக்கித்தான் சதவீதம் எடுக்க வேண்டும், செயற்கை வகைக்கு நேரடி வாசிப்பு குறைவாகவே காட்டும். துருத்தடுப்பான் சேர்ப்பது மெஷினுக்காகத்தான், லேமினேட்டுக்கு அது தேவையில்லை. துளை முடிந்ததும் சுத்தமான அயனி நீக்கிய தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டால் வாட்டர் பிரேக் டெஸ்ட் தேறிவிடும். அலசாமல் காயவிட்டால் உப்புப்படலம் நிற்கும், அதுவும் எண்ணெய்க்குக் குறைந்த தொல்லை இல்லை.

ஈரம் குடிப்பதைப் பற்றி: எபாக்ஸி லேமினேட் முழுதாக ஊறினால் எடையில் 1 முதல் 1.5 சதவீதம் வரை ஏறும், உண்மை. ஆனால் அதற்கு வாரக்கணக்கில், இந்தத் தடிமனுக்கு மாதக்கணக்கிலும் ஆகும். 8 மி.மீ.யை விநாடிக்கு 0.3 மி.மீ.யில் துளைக்க 27 விநாடி. அந்த நேரத்தில் டிஃப்யூஷனால் ஏறுவது ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது விரிசலையும் டெலாமினேஷனையும்தான், பிரிந்த பிளைகளுக்கு நடுவே தண்ணீர் தானாகவே இழுபட்டு உள்ளே போய்விடும்.

காற்றுக்குழாய் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி, முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒட்டும் வேலை இருக்கிற பாகம், அதோடு அலுமினியப் பிராக்கெட்டும் இருக்கு. இந்த இரண்டும் சேர்ந்தால் ஈரமே இல்லாமல் துளைக்கிற வழியைத்தான் முதலில் பார்ப்பேன். துடைக்க, அலச, காயவைக்க என்று மூன்று வேலை மிச்சம்.

எபாக்ஸி எத்தனை டிகிரி தாங்கும்? 180 டிகிரி க்யூர் ரெசினுக்குக் காய்ந்த நிலையில் கிளாஸ் ட்ரான்சிஷன் (ரெசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை) 190க்குப் பக்கம் இருக்கும், ஈரம் ஏறிய லேமினேட்டில் அது 30, 40 டிகிரி இறங்கிவிடும். அதனால் சுவர் 120ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்ல இடைவெளி இருக்கு. 120 டிகிரி க்யூர் ரெசினாக இருந்தால் கதையே வேறு, அங்கே சுவர் 80, 90க்குள் நிற்கணும், அதற்குக் காற்று பத்தாது, தண்ணீர்தான். தடிமன் திசையில் இந்தப் பொருள் சூட்டைக் கடத்துவது மிகவும் குறைவு, மீட்டர் கெல்வினுக்கு ஒரு வாட்கூட இல்லை. உண்டான சூடு உண்டான இடத்திலேயே நிற்கும்.

குளிர்காற்றுக்கு வோர்டெக்ஸ் டியூப் (அழுத்தக் காற்றைச் சுழற்றிக் குளிர், சூடு என இரண்டாகப் பிரிக்கும் குழாய்) போடும்போது எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கு. 6.5, 7 பாரில் குளிர்பங்கு 70 சதவீதம் வைத்தால் உள்ளே போகும் காற்றை விட 40 டிகிரி வரைக்கும் கீழே தரும். ஆனால் குளிர் முனையில் எதிரழுத்தம் ஏறினால் அந்த 40 டிகிரி கரைந்துபோகும். அதைக் கொண்டுபோய் ரோட்டரி யூனியனில் (சுழலும் ஸ்பிண்டிலுக்குள் காற்றோ தண்ணீரோ செலுத்தும் இணைப்பு) மாட்டி, அதற்குப் பிறகு ஸ்பிண்டிலின் சின்னத் துவாரம், அதற்குப் பிறகு கோர் டிரில்லின் சந்து என்று வரிசையாக நெருக்கினால் குளிரும் வராது, காற்றும் வராது. போகிற வழியில் ஸ்பிண்டிலே அதைச் சூடாக்கியும் விடும். இப்படிப் பிரியுங்கள்: ஸ்பிண்டில் வழியாகச் சாதாரண உலர்காற்று 4 முதல் 6 பார், அது பொடியை வெளியே தள்ளுவதற்கு. வோர்டெக்ஸின் குளிர்காற்று வெளியே தனி நாசில் வழியாக, டூல் துளைக்குள் இறங்கும் இடத்தைப் பார்த்து, 15 முதல் 20 மி.மீ. தூரத்தில்.

காற்றை உலர்த்தும் டிரையரையும் பாருங்கள். ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் தருவது 3 டிகிரி டியூ பாயின்ட்தான் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), குளிர்முனையில் பனி கட்டி அடைத்துவிடும். டெசிக்கன்ட் டிரையர் வேண்டும், மைனஸ் 40 டியூ பாயின்ட். இன்னொன்று, தண்ணீருக்கென்று செய்த ரோட்டரி யூனியனில் காற்றை மட்டும் விட்டு ஓட்டினால் சீல் எரிந்துபோகும். உலர் ஓட்டத்துக்கு ஏற்றதா என்று பார்த்து மாட்டுங்கள்.

ஃபீட் விநாடிக்கு 0.1லிருந்து 0.15 மி.மீ.யில் தொடங்குங்கள். துளைக்குத் துளை டார்க் கூடிக்கொண்டே போனால் டூலில் ரெசின் அப்பிக்கொள்கிறது என்று அர்த்தம். வெள்ளை அலுமினா டிரெஸ்ஸிங் ஸ்டிக்கில் இரண்டு, மூன்று முறை இறக்கினால் கிரிட் மறுபடி திறக்கும். துளைச்சுவர் பளபளவென்று கண்ணாடி போல் இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், ரெசின் உருகிப் பூசிக்கொண்டதால் வந்த பளபளப்பு அது. நல்ல சுவர் மங்கலாக, ஃபைபர் நுனிகள் தெரிகிற மாதிரித்தான் இருக்கும்.

லேமினேட்08:

இருவருக்கும் நன்றி. டூலில் வெட்டுப்பள்ளம் இரண்டு இருக்கிறது. டைமண்ட் உயரம் 8 மி.மீ., அதைக் குறைக்கச் சொல்கிறேன். ஆனால் வெளிப்பக்கம் பிளை பிய்வது கூலன்ட்டால்தானா, ஃபீட்டாலா? அடியில் எம்.டி.எஃப். (மரநார் அழுத்திச் செய்த) பலகை வைத்துத்தான் கிளாம்ப் செய்கிறோம். சுவர் வெப்பநிலையை எப்படி அளப்பது? ஐ.ஆர். கேமராவில் மேல்பரப்பு மட்டும்தான் தெரிகிறது.

டைமண்ட்கோர்:

இரண்டும்தான், அதோடு அந்த எம்.டி.எஃப்.பும். தண்ணீர் பட்டால் அது ஊதிப்போய் நடுவில் குழி விழும், லேமினேட்டின் அடிப்பரப்பு அந்தரத்தில் நிற்கும். ஃபீனாலிக் ஷீட் அல்லது கண்ணாடி ஃபைபர் தகடு 5 மி.மீ. போடுங்கள், டூல் அதற்குள் 1.5 மி.மீ. இறங்கி நிற்கட்டும், ஒவ்வொரு துளைக்கும் தகட்டை நகர்த்துங்கள்.

கூலன்ட் அழுத்தம் செய்யும் வேலையைப் பாருங்கள். 3 பார் தண்ணீர் டூலுக்குள் நிற்கும்போது கோரின் தலையை அது பிஸ்டனைப் போலக் கீழே அமுக்குகிறது. கோரின் குறுக்குப்பரப்பு 47.8 சதுர மி.மீ., விசை 14 நியூட்டன். டூல் முனைக்குக் கீழே இருக்கும் வளையத்தையும் சேர்த்தால் அதிகபட்சம் 21. த்ரஸ்ட் (கீழ்நோக்கி அழுத்தும் விசை) 60 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரே போடுகிறது. கடைசி இரண்டு பிளை மட்டும் மிச்சம் இருக்கும் நேரத்தில் வெட்டி முடிப்பதற்குள் கோர் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். இப்படிக் கிழிந்ததை அடையாளம் காண்பது எளிது: கழன்று வந்த கோரின் அடிப்பக்கத்தில் ஒழுங்கற்ற தொப்பி மாதிரிப் பிளைத் துண்டு விளிம்பைத் தாண்டி ஒட்டியிருக்கும்.

அதனால் துளை முழுவதும் ஒரே அழுத்தம் வேண்டாம்.

நுழையும்போது 1 பார், ஃபீட் 0.1, முதல் 0.5 மி.மீ. வரை.
நடுவில் 2 பார், ஃபீட் 0.3.
வெளியேற 1 மி.மீ. இருக்கும்போது 0.5 பார், ஃபீட் 0.05 முதல் 0.1. இந்த அழுத்தத்தில் கோர் மேல் விழும் விசை இரண்டரை நியூட்டனுக்குள் அடங்கிவிடும்.
அடித்தகட்டில் இறங்கிய பிறகு மறுபடி 3 பார், அதிர்வை நிறுத்தாமல் இரண்டு விநாடி. டூலை வெளியே எடுத்ததும் கோர் தானாக விழும்.

அழுத்தத்தை நிரலிலிருந்து மாற்ற வசதி இல்லாவிட்டால் இரண்டு சோலனாய்டு வால்வும் ஒரு ரெகுலேட்டரும் போதும், இரண்டு எம் கோட் (நிரலிலிருந்து வால்வை இயக்கும் கட்டளை) ஒதுக்கிவிடுங்கள்.

சுவர் வெப்பநிலைக்கு: சோதனைத் துண்டின் அடியிலிருந்து 1 மி.மீ. விட்டத்தில் குருட்டுத் துளை போட்டு, துளைச்சுவரிலிருந்து 1 மி.மீ. தள்ளி வருமாறு மெல்லிய கே வகை தெர்மோகப்பிளை எபாக்ஸியால் பதியுங்கள். ஜங்ஷன் கார்பனைத் தொடக்கூடாது. ஃபைபர் மின்சாரம் கடத்தும், சிக்னலில் இரைச்சல் ஏறிப் பொய் சொல்லும். ஜங்ஷனை முதலில் ஒரு துளி எபாக்ஸியில் முக்கிக் காயவைத்து விட்டுப் பதித்தால் போதும். மேலே, நடுவே, அடியே என மூன்று ஆழத்தில் வையுங்கள்.

ஹார்ன்ட்யூனர் எழுதியது:

கூலன்ட்டை மாற்றினால் அதிர்வையும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். டூலுக்குள் நிற்கும் தண்ணீர் ஒரு கூடுதல் எடை, ரெசொனன்ஸ் (டூல் மிக வலுவாக அதிரும்) அதிர்வெண் அதனால் நகரும். 10 மைக்ரான் என்று காற்றில் அளந்தது தண்ணீர் ஓடும்போது எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஜெனரேட்டரில் அதிர்வெண் தேடலை எப்போதும் கூலன்ட் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், அதே அழுத்தத்தில் நடத்துங்கள். ஸ்பிண்டிலும் சூடாகியிருக்கட்டும்.

கருவி இல்லாமல் விரைவாகப் பார்க்க ஒரு வழி: ஸ்பிண்டிலை நிறுத்தி, லாக் போட்டு, டூல் முனையில் சிரிஞ்சால் ஒரு துளி தண்ணீர் வைத்து அதிர்வைப் போடுங்கள். துளி நடுங்கி அங்கேயே நின்றால் ஆம்ப்ளிட்யூட் செத்துவிட்டது. பொசுக்கென்று புகைபோல மூடுபனியாகத் தெறித்தால் உயிரோடு இருக்கிறது. வளையம் முழுவதும் சமமாகத் தெறிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெறித்தால் டூல் வளைந்து அதிர்கிறது, கோலெட்டையும் நட்டின் டார்க்கையும் பாருங்கள். வெளிநாசில், ஹோஸ், பிரஷ் எதுவும் ஹார்னை (அதிர்வை டூலுக்குக் கடத்தும் உலோகப் பகுதி) தொடக்கூடாது. தொட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நோட் (அதிர்வே இல்லாத புள்ளி) இருக்கும் இடத்தில்.

நுரை இன்னொரு எதிரி. எமல்ஷனில் நுரை வந்தால் சந்துக்குள் போவது பாதி காற்று, குளிர்ச்சியும் போச்சு, கேவிடேஷனால் (அதிர்வில் நுண்குமிழிகள் உண்டாகி உடைவதால்) பொடி கழுவப்படுவதும் போச்சு. எண்ணெய் இல்லாத தண்ணீருக்கு மாற இது இன்னொரு காரணம். ஆனால் டூல் ஹோல்டரில் மின்சாரம் ஸ்லிப் ரிங் (உரசிக்கொண்டு சுழலும் வளையம்) வழியாக வருகிறதா, இன்டக்டிவா (தொடாமல் காந்தப்புலத்தால் வருவது) என்று பார்த்துவிடுங்கள். கார்பன் பொடி கலந்த தண்ணீர் ஸ்லிப் ரிங்குக்குள் கசிந்தால் ஜெனரேட்டர் டிரிப் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். ஓட்டம் முழுவதும் ஹோல்டரின் மேல்பகுதிக்குக் காற்று பர்ஜ் 0.2 பார் கொடுத்துக்கொண்டிருப்பது நல்லது.

காற்றுக்குழாய்:

அலுமினியப் பிராக்கெட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டையும் சேர்த்து ஒரே டைமண்ட் கோர் டிரில்லில் போடாதீர்கள், அலுமினியம் கிரிட்டை உடனே அடைத்துவிடும். அடைத்த டூலால் அடுத்த லேமினேட்டைத் துளைத்தால் சுவர் கருகும். லேமினேட்டைத் தனியாக டைமண்டில், பிராக்கெட்டைத் தனியாகக் கார்பைடில். சேர்த்து வைத்து ஈரமாகத் துளைப்பதில் இன்னொரு வில்லங்கம்: இடைமுகத்தில் சிக்கும் தண்ணீர். கார்பனும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் ஈரம் நின்றால் கால்வானிக் அரிப்பு, அரிபடுவது அலுமினியம்தான். நடுவே ஒரு கண்ணாடி ஃபைபர் பிளை, ஃபாஸ்னரைச் சீலன்ட் தடவி ஈரமாக மாட்டுவது, இது இரண்டும் வடிவமைப்பிலேயே இருக்கணும்.

இரு லேமினேட்டுக்கு நடுவே ஹனிகோம் கோர் (தேன்கூடு போன்ற அறைகள்) உள்ள சாண்ட்விச் பேனலாக இருந்தால் தண்ணீர் பேச்சே கிடையாது. செல்லுக்குள் போன தண்ணீர் வெளியே வராது. அங்கே காற்றும் வாக்யூமும் மட்டும்.

எம்.க்யூ.எல். (மிகக் குறைந்த அளவு மசகு) பற்றியும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 10 முதல் 50 மில்லி எண்ணெய்ப்பனி டைட்டானியத்துக்கு நல்லது. தனி லேமினேட்டுக்கு எமல்ஷனில் பார்த்த அதே மசி, அதே படலம். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, டூலின் மாடுலஸ் (விறைப்பு) மாறி ரெசொனன்ஸ் ஓடிப்போகும். ரெசினும் விறைத்துப்போய் த்ரஸ்ட் கூடும். மூடிய அறையில் ஆக்சிஜன் மானிட்டர் இல்லாமல் தொடவே கூடாது. இந்த வேலைக்கு அத்தனை மெனக்கெடத் தேவையில்லை.

டைமண்ட்கோர்:

பிராக்கெட் வரும் பாகங்களுக்குக் காற்று என்பதை ஒத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்குத் தண்ணீர் என்பதில் மாற்றமில்லை. பொடி தண்ணீரிலேயே பிடிபடுவது ஒன்றுக்காகவே அது தகும். காற்றில் துளைத்தால் டூலைச் சுற்றிப் பிரஷ் ஷ்ரவுட், ஹெச் கிளாஸ் வாக்யூம் (நுண்பொடியை வெளிவிடாத வகை), எர்த் செய்த ஹோஸ், குழாயில் விநாடிக்கு 20 மீட்டர் வேகம் எல்லாம் வேண்டும். கார்பன் பொடி மின்சாரம் கடத்துவதால் கன்ட்ரோல் கேபினெட்டுக்குள் போனால் போர்டு ஷார்ட் ஆகும், கேபினெட்டைச் சுத்தக் காற்றால் பாசிட்டிவ் அழுத்தத்தில் வைக்க வேண்டும். அலுமினியம் எடுக்கும் வாக்யூமையும் இதையும் ஒன்றாக்காதீர்கள்.

தண்ணீர் பக்கத்துச் செலவு ஃபில்டர். வளையத்தின் பரப்பு 23 சதுர மி.மீ., 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு துளையில் 0.3 கிராம் பொடி, நூறு துளைக்கு 30 கிராம். பார்க்கச் சிறிது, ஆனால் ஃபைபர் 5 முதல் 7 மைக்ரான் கனம்தான், அரைபட்ட ரெசின் அதைவிடச் சன்னம். தொட்டியில் தானாக அடியில் படியும் என்று காத்திருக்க முடியாது. 25 மைக்ரான் பேக், பிறகு 5 மைக்ரான், கடைசியில் 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ், ஸ்பிண்டிலுக்குப் போகும் பம்புக்கு முன்னால். ஒவ்வொரு கட்டத்துக்கும் இருபுறமும் பிரஷர் கேஜ் வைத்து, வித்தியாசம் 0.7 பார் தாண்டினால் மாற்றுங்கள். கருப்பாகவே சுற்றிவரும் தண்ணீர் ரோட்டரி யூனியன் சீலைத்தான் முதலில் தின்னும்.

துளை முடிந்ததும் அலசி, எண்ணெய் இல்லாத காற்றால் ஊதி, 70 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம். அதே லேமினேட்டில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்றைத் துளையிட்டுப் பாகங்களோடு சேர்த்து ஓவனில் வைத்து, அரை மணிக்கொருமுறை 0.1 மில்லிகிராம் தராசில் எடை பாருங்கள். இரண்டு எடைகள் அடுத்தடுத்து ஏறக்குறைய ஒன்றாக வந்தால் மேற்பரப்பு ஈரம் போய்விட்டது. எடை இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தத் தொகுப்பில் எங்கோ பிளை பிரிந்து தண்ணீர் உள்ளே இழுபட்டிருக்கலாம், ஒட்டுவதற்கு முன் சி ஸ்கேனுக்கு (உள்ளே பிரிந்த இடங்களைக் காட்டும் அல்ட்ராசோனிக் சோதனை) அனுப்புங்கள்.

லேமினேட்08:

முதலில் ஃபீனாலிக் தகடும் நான்கு கட்ட அழுத்தமும் எமல்ஷனிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தொட்டியைக் கழுவித் தண்ணீருக்கு மாறலாமா? எது எதைச் சரிசெய்தது என்று தெரியுமே.

டைமண்ட்கோர்:

சரியான வரிசைதான். தொட்டியைக் கழுவும்போது பைப்லைனையும் ஸ்பிண்டில் பாதையையும் விடாதீர்கள், சிஸ்டம் கிளீனர் 2 சதவீதம் போட்டு ஒரு ஷிஃப்ட் சுற்றவிட்டு வடித்து, இரண்டு முறை தண்ணீரால் அலசுங்கள். பழைய எண்ணெய் குழாயின் உள்சுவரில் ஒட்டியிருந்தால் புதுத் தண்ணீரிலும் வாட்டர் பிரேக் டெஸ்ட் தோற்கும், தப்பு கூலன்ட் மேல் போய்விடும்.